நூற்று நாற்பத்திரண்டரைப் பங்கு

அர்த்தநாரியின் பெயரில் நூற்று நாற்பத்திரண்டரைப் பங்கு குற்றம் இருந்தது. ஒரு மனிதன் மேல் நூறு பங்குக்கு மேல் ஏற முடியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி எந்தச் சட்டப்பிரிவும் சொல்லவில்லை. ஒரு குடத்தில் ஒரு குடம் தண்ணீர்தான் பிடிக்கும் என்று நினைப்பதைப் போல, யோசிக்காமலே நினைத்திருந்தோம்.

கைது செய்ய வந்தபோது அவர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். காவல் நிலையத்துக்கு நேர் எதிரே அவருடைய டீக்கடை. வந்த காவலர் சாலையைக் கடந்து, வழக்கம்போல ஒரு டீ வாங்கிக் குடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அர்த்தநாரி கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கீங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாராம்.

என் குமாஸ்தா ஆரோக்கியம் இதை நடித்தே காட்டினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு வழக்குக் கோப்பை என் மேசையில் வைத்தார்.

"அந்தாளு உங்களத்தான் கேக்கறாரு மேடம்."

"என்னை எதுக்கு?"

"நீங்கதான் ஜெயிப்பீங்களாம். கூண்டுல நின்னு கண்ணால பாத்திருக்கேங்கறாரு. குறுக்கு விசாரணையில உங்ககிட்ட எத்தன வாட்டி வாங்கிக் கட்டிக்கிட்டவரு."

உண்மைதான். களம்பாளையம் அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கு நடத்துகிற எவருக்கும் அர்த்தநாரியைத் தெரியும். போலீஸ் எங்கே எதைக் கைப்பற்றினாலும், பொதுமக்களில் ஒருவர் கூட நின்று பார்த்ததாக மகஜரில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பொதுமக்கள் எப்போதும் அர்த்தநாரிதான். ஒரு கிணற்றிலிருந்து அரிவாள் எடுத்தபோது அவர் மேட்டில் நின்றார். அதே நாள், அதே மணி, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரும்புக் காட்டில் ரத்தக்கறைச் சட்டை கிடைத்தபோதும் நின்றார்.

கோப்பைத் திறந்தேன். எழுபத்தைந்து வழக்குகள். ஒவ்வொன்றிலும் அவர் பெயருக்கு நேராக ஒன்று புள்ளி ஒன்பது.

"இதுல உங்களோடது இருபத்தாறு," என்றார் ஆரோக்கியம். "எண்ணிட்டேன்."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"தெரிஞ்சா எடுக்காதீங்க. சட்ட உதவி மையத்துல மெர்லின்னு ஒரு புதுப் பொண்ணு வந்திருக்கு. கோட்டு இன்னும் கசங்கல. இந்த லிஸ்ட்ல அதுக்கு ஒரு கேஸ் கிடையாது. நான் எடுத்துக்கறேன்னு அதுவே சொல்லுது. விட்ருங்களேன்."

"அந்தப் பொண்ணுக்கு அனுபவம் போதாது," என்றேன்.

வக்காலத்துப் படிவத்தை எடுத்து வரச் சொன்னேன். ஆரோக்கியம் பதினேழு வருடமாக என்னிடம் இருக்கிறார். அன்று அவர் படிவத்தை எடுக்க எழுந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

*

என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கோதைநாயகி எடுத்த கட்சிக்காரர் வீட்டுச் சோறு சாப்பிடுவார் என்பார்கள். பங்குமுறை வந்த பிறகு இந்த ஒன்பது வருடத்தில் அறுபத்தொரு பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறேன். அவர்களில் சிலர் தீபாவளிக்கு வருவார்கள். சிலர் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போவார்கள். இரண்டு வகையையும் நான் தப்பாக நினைப்பதில்லை. நரகத்துக்குப் போய்த் திரும்பியவன் தன்னைக் கரை சேர்த்த படகுக்காரனோடு உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமா என்ன.

சிறையின் பேட்டி அறையில் அர்த்தநாரி சின்னதாகத் தெரிந்தார். அவரை நான் எப்போதும் நின்றுகொண்டுதான் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து பார்ப்பது அதுவே முதல்முறை. அறுபத்தொரு வயது. விரல் நுனிகள் பல வருடச் சூட்டில் வழவழப்பாகியிருந்தன.

"வக்கீலம்மா, நான் யாரைக் கொன்னனாம்?"

"யாரையும் இல்லை."

"அப்பறம் நூத்தி நாப்பத்திரெண்டுங்கறாங்க."

"நாப்பத்திரெண்டரை."

"ஆமாங்க. அந்த அரை எதுக்குங்க?"

அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. அதனால் நான் முதலிலிருந்தே சொன்னேன்.

"ஒரு குத்தம் நடந்தா அதுக்கு நூறு பங்கு. கேமரா, போன் சிக்னல், சாட்சி சொன்னது, காகிதத்துல எழுதினது, எல்லாத்தையும் பார்த்து, யார் மேல எவ்வளவுன்னு கோர்ட்ல இருக்கற அந்தக் கம்ப்யூட்டர் திரை பிரிச்சு வைக்கும். ஒருத்தர் மேல எழுபதுக்கு மேல விழுந்தா தண்டனை. அதுக்குக் கீழன்னா விடுதலை."

"அப்ப அறுபத்தொம்பது வாங்குனவன் முக்காவாசி செஞ்சிருக்கான்னு அர்த்தங்களா?"

"இல்லை. எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கறதுக்குத்தான் அந்த எண். ஆனா ஜனங்க நீங்க சொன்ன மாதிரிதான் புரிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் சட்டமும் அப்படியே புரிஞ்சுக்கிச்சு."

அவர் தலையாட்டினார். "சரிங்க. எம்மேல எப்படி விழுந்துது?"

இந்தக் கேள்விக்காகத்தான் வந்திருந்தேன். வரும் வழியெல்லாம் இதற்கு ஒரு நல்ல வாக்கியம் தயார் செய்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"நாங்க வச்சோம்," என்றேன்.

"நீங்கன்னா?"

"வக்கீலுங்க. நூறு எப்பவும் நூறாவே இருக்கணும். என் கட்சிக்காரர் தலையிலிருந்து ரெண்டு எடுத்தா, அதை இன்னொரு தலையில வச்சே ஆகணும். ஆரம்பத்துல 'அடையாளம் தெரியாத நபர்'னு ஒரு கட்டம் இருந்தது. எல்லாரும் எல்லாத்தையும் அதுல கொண்டுபோய்க் கொட்டினோம். மூணே வருஷத்துல இந்த மாநிலத்துலயே பெரிய கொலைகாரன் அந்த அடையாளம் தெரியாத நபர்தான். கட்டத்தையே எடுத்துட்டாங்க. பேர் உள்ள ஆள்தான் வேணும்னு சொல்லிட்டாங்க."

அர்த்தநாரி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. காவலர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பங்குக்குக் கீழ இருந்தா அந்த ஆளுக்குத் தகவல் சொல்ல வேண்டியதில்லை, விசாரணை இல்லை. அதனால ஒவ்வொருத்தர் மேலயும் ஒன்று புள்ளி ஒன்பது. பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், பஸ்ஸுக்கு நின்னவங்க. எங்களுக்குள்ள தூவறதுன்னு சொல்லுவோம். சின்னக் குழந்தைங்க மேல தூவறதில்லை. கர்ப்பமா இருக்கறவங்க மேல தூவறதில்லை. அப்படி ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கோம்."

"எம்மேல தூவலாம்."

"மகஜர்ல உங்க பேர் இருக்கு. அரிவாள் எடுத்த இடத்துல நின்னவர், அதைக் கொண்டுபோய் வச்சவராவும் இருக்கலாமே. சுலபமான வாதம். திரை உடனே ஒத்துக்கும். மனசும் உறுத்தாது. பொய்ச் சாட்சிதானே, ஒரு சிட்டிகை இருக்கட்டும்னு தோணும். இந்த ஊர்ல ஒவ்வொரு வக்கீலும், யாருக்கும் சொல்லாம, தனித்தனியா இதையே நினைச்சிருக்கோம்."

"அதெல்லாம் வேற வேற கேஸுங்களே."

"நாங்களும் அப்படித்தான் நினைச்சிருந்தோம். போன மாசம் திரட்டுச் சட்டம் வந்தது. ஒருத்தர் பேர்ல எல்லா வழக்குலயும் இருக்கறதைக் கூட்டறாங்க. எழுபதைத் தாண்டினா பிடிக்கறாங்க. நூறைத் தாண்டினா சாகற வரைக்கும் உள்ள. பெரிய ரவுடிங்களுக்காகப் போட்ட சட்டம். இந்த மாவட்டத்துல முதல்ல மாட்டினது நீங்க."

அவர் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தார்.

"மொதத் தடவ எஸ்.ஐ. கூப்புட்டாருங்க. கடை பொறம்போக்கு எடத்துல இருக்குது. போட மாட்டேன்னா கடை இருக்காது. போட்டேன். ரெண்டாவது தடவ யாரும் ஒண்ணும் கேக்கவேயில்லீங்க. டீ கிளாஸுக்குப் பக்கத்துல பேப்பரு இருந்துது."

"அந்த எழுபத்தஞ்சு இடத்துல ஒரு இடத்துக்காவது போயிருக்கீங்களா?"

"கடைய உட்டுட்டு எப்படிங்க போறது? பாவாயி ஒருத்தியா சமாளிக்க மாட்டா." பாவாயி அவர் மனைவி. "இப்பத்தான் ஒருத்தியா சமாளிக்கறா. போலீஸுக்காரங்க டீ குடிக்க வர்றாங்களாம். பாவம், அவங்களும் எங்க போவாங்க."

அவரை வெளியே கொண்டுவர ஒரே ஒரு வாக்கியம் போதும் என்று எனக்குப் புரிந்தது. திரட்டு வழக்கில் எழுத்து மனு செல்லாது. நீதிபதி கேட்பார், ஆள் தன் வாயால் சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும். 'நான் எங்கேயும் இருக்கவில்லை.' அதைச் சொன்னால் எழுபத்தைந்து மகஜர்களும் அவரைப் பொறுத்தவரை செத்துவிடும். பொய்க் கையெழுத்துக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கிடைக்கும். பிறகு வீட்டுக்குப் போகலாம்.

இதைவிடச் சுலபமான வழக்கு என் கைக்கு வந்ததில்லை. மெர்லின் கூட ஜெயித்துவிடுவாள்.

*

"ஜெயிச்சுத் தொலைச்சுடாதீங்க," என்றார் அரசு வழக்கறிஞர் தணிகாசலம். நீதிமன்ற கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், தோத்துடுவோம்னு பயமா?"

"எத்தனை வருஷமா உங்ககிட்ட தோத்துக்கிட்டிருக்கேன், பழகிடுச்சு. அது இல்லை. அந்த மனுஷன் மேல இருந்து எடுக்கற பங்கு எங்க போகும்னு யோசிச்சீங்களா?"

"வேற ஆள் மேல வைக்க மனு போடறேன்."

"மூடின வழக்குல புது ஆளைச் சேர்க்க முடியாது. சட்டத்தைப் படிக்காத மாதிரி நடிக்காதீங்க, உங்களுக்கு வரலை." வடையை ஓரமாக வைத்தார். "எடுத்த இடத்துக்கே திரும்பும். உங்க இருபத்தாறு பேர்ல எத்தனை பேர் ஓரத்துல நிக்கறாங்க?"

அந்தக் கணக்கை நான் முதல் நாளே போட்டிருந்தேன். "பதினொண்ணு."

"மத்த வக்கீலுங்களோடது இருபத்தொண்ணு. மொத்தம் முப்பத்திரெண்டு பேரை நான் திருப்பி உள்ள தள்ளணும். அத்தனை வாரண்டையும் என் கையால எழுதணும்."

அவர் சொன்ன ஓரம் நாங்களே போட்டது. கட்சிக்காரரின் பங்கு எழுபதுக்குக் கீழே இறங்கியதும் நாங்கள் நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் தூவுவது ஆசை என்று என் சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். யாருக்கும் தேவைக்கு மேல் தீங்கு செய்யாமல் இருப்பதுதான் நல்ல வக்கீலுக்கு அழகு. அதனால் எங்கள் விடுதலைகளில் பல அறுபத்தொன்பதிலும் அறுபத்தெட்டரையிலும் நின்றன. எங்கள் நாகரிகத்தால் அத்தனை பேரும் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

*

அந்தப் பதினோரு பேரில் வளர்மதி அறுபத்தொன்பது புள்ளி மூன்று.

அன்று மதியம் அவள் வேலை செய்யும் ஜவ்வரிசி ஆலைக்குப் போனேன். எங்கள் ஊருக்குள் நுழைகிற யாரும் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். மரவள்ளிக் கிழங்கு ஊறிப் புளித்த வாடை. பிறகு கண்ணை இடுக்குவார்கள். ஜவ்வரிசி காயும் களங்கள் ஏக்கர் கணக்கில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். சின்ன வயதில் நூலகத்தில் எடுத்த கதைகளில் பனி பெய்யும்போதெல்லாம் இந்தக் களங்களைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். குதிரை வண்டிகள் இதன் மேல் போகும். ஓநாய்கள் இதன் விளிம்பில் நிற்கும்.

வளர்மதி அந்த வெயில் பனியின் நடுவே முக்காடு போட்டுக்கொண்டு ஜவ்வரிசியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கொழுந்தன் இந்த ஆலையின் தொட்டியில் செத்துக் கிடந்தான். தலையில் கட்டையடி. அந்தக் கட்டையை அவள் வீட்டுக்குப் பின்னால் எடுத்ததாக மகஜர். பதினான்கு மாதம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது மகள் அவளிடம் வரவில்லை; அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் கட்சிக்காரர்களிடம் 'செய்தீர்களா' என்று கேட்பதில்லை. வளர்மதியிடமும் கேட்கவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் கேட்காமலே நான் நம்பியது அவளை ஒருத்தியைத்தான்.

"என்னங்க வக்கீலம்மா, திடீர்னு?" என்று ஓடி வந்தாள். முகத்தில் மாவு. "கேஸு ஏதாச்சும்...?"

"இல்லை, இல்லை. இந்தப் பக்கம் வந்தேன்."

"பயமுறுத்திட்டீங்க போங்க." முக்காட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "உங்களப் பாத்தா சந்தோசமாத்தான் இருக்குது. ஆனா கறுப்புக் கோட்டப் பாத்ததும் காலு ரெண்டும் தானா ஓடப் பாக்குது."

"பாப்பா எப்படி இருக்கா?"

"முன்பல்லு ரெண்டும் உழுந்துருச்சு. சிரிக்கவே மாட்டேங்கறா. ஸ்கூல்ல பசங்க ஓட்டைப்பல்லிங்கறாங்களாம். வாய மூடிக்கிட்டே பேசறா, ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அந்த டீக்கடைக்காரன உள்ள வச்சுட்டாங்களாமே?" என்றாள்.

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. அந்தாளு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. எங்க ஊட்டுக்குப் பின்னால நின்னு பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். பதினாலு மாசங்க. அவனும் கொஞ்சம் உள்ள இருந்து பாக்கட்டும்."

அவள் திரும்பிப் போய் ஜவ்வரிசியைக் கிளற ஆரம்பித்தாள். அவள் நடந்த தடம் வெள்ளையில் பதிந்து, அவளே அதைக் கலைத்துவிட்டாள்.

*

விசாரணைக்கு முந்தின நாள் மறுபடியும் சிறைக்குப் போனேன். கட்சிக்காரர் தரப்போகும் வாக்குமூலத்தின் விளைவுகளை அவருக்குப் புரியும்படி விளக்க வேண்டும் என்று எங்கள் நடத்தை விதிகளில் ஒரு வரி இருக்கிறது. அன்று காலை அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

"நாளைக்கு நீதிபதி ஒரே கேள்விதான் கேட்பார்," என்றேன். "இந்த எழுபத்தஞ்சு இடத்துலயும் நீங்க இருந்தீங்களான்னு. இல்லைன்னு சொன்னா, கொஞ்ச மாசத்துல வீட்டுக்குப் போயிடலாம்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். ஆனா சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும்."

பங்குகள் திரும்பிப் போவதைச் சொன்னேன். யாரிடம் திரும்பும் என்று கேட்டார். எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தைப் பிரித்தேன். பதினோரு பெயர்கள்.

விளைவுகளை விளக்கப் பெயரும் எண்ணும் போதும். நான் வளர்மதியில் ஆரம்பித்தேன். களத்தில் அவள் நிற்கும் இடத்தைச் சொன்னேன், மகளுக்கு முன்பற்கள் விழுந்ததைச் சொன்னேன். இரண்டாவது பெயருக்கு, அவன் விடுதலையாகி வந்து அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததைச் சொன்னேன். ஆறாவது பெயருக்கு, அவள் இப்போது ஏழு மாதம் என்று சொன்னேன். ஒன்பதாவது நாச்சிமுத்து. அவன்தான் தன் மனைவியைக் கொன்றான் என்பது எனக்குத் தெரியும். விடுதலையான அன்று படிக்கட்டில் என் காலைத் தொட்டு நன்றி சொன்னபோது அவன் கண்ணில் அது இருந்தது. நாச்சிமுத்துவின் பெயரை மட்டும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அர்த்தநாரி குறுக்கே பேசவில்லை. கடையில் யாராவது பெரிய ஆர்டர் சொன்னால் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார் போல. தலையை ஒரு பக்கம் சாய்த்து, உதடுகள் லேசாக அசைய.

"இவங்கெல்லாம் செஞ்சவங்களா, செய்யாதவங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"நான் கேட்கறதில்லை."

"கேக்கலீன்னாலும் தெரியுமில்லீங்க."

"சிலது தெரியும்."

"இந்தப் புள்ள? பல்லு உழுந்த புள்ளையோட அம்மா?"

"செய்யலை."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "அந்தக் கட்டை எடுத்த பேப்பரு எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. மழைக்காலம். பேப்பரு ஈரமா இருந்துது, பேனா எழுதல. எஸ்.ஐ. வேற பேனா குடுத்தாரு." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். "இப்ப நான் என்னங்க சொல்லோணும்?"

"அது உங்க முடிவு. நான் சொல்லக் கூடாது."

"புரியுதுங்க," என்றார்.

நான் காகிதத்தை மடித்தேன். அது நான்காக மடிந்து, எட்டாக மடிந்து, அதற்கு மேல் மடியாமல் கையில் இருந்தது.

*

மறுநாள் நீதிமன்றம் நிறைந்திருந்தது. எழுபத்தைந்து வழக்குகளிலும் கை வைத்த வக்கீல்கள் எல்லோரும் வேறு ஏதோ வேலையாக வந்ததைப் போல வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் மெர்லின், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. திரையில் ஒரே பெயர், ஒரே எண்.

அர்த்தநாரி கூண்டில் ஏறினார். அந்த இடம் அவருக்குப் பழக்கம். கம்பியில் எங்கே கை வைத்தால் வசதி என்று தெரிந்திருந்தது. சத்தியப் பிரமாணத்தை அவர் சொல்லி முடிக்கும்போது எழுத்தர் பாதிதான் வாசித்திருந்தார். யாரோ சிரித்தார்கள்.

"இந்த எழுபத்தைந்து மகஜர்களில் குறிப்பிட்டுள்ள இடங்களில் நீங்கள் நேரில் இருந்தீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இருந்தேனுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "கேள்வி புரிந்ததா? இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை உங்கள் வழக்கறிஞர் விளக்கியிருக்கிறாரா?"

"நல்லா வெளக்கிச் சொன்னாங்க. எல்லா எடத்துலயும் இருந்தேனுங்க."

பிறகு, யாரும் கேட்காமலே, அவர் சொல்ல ஆரம்பித்தார். கிணற்று மேட்டில் தான் நின்ற இடம். அரிவாளில் பாசி ஒட்டியிருந்தது. வளர்மதி வீட்டுக்குப் பின்னால் கட்டை கிடந்த முருங்கை மரத்தடி, அன்று பெய்த மழை. கரும்புக் காட்டுக்கு எந்த வழியாகப் போனார், வரப்பில் எப்படி வழுக்கியது. முப்பது வருடச் சாட்சி வாழ்க்கையில் அவர் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. முன்பெல்லாம் ஐந்தாவது நிமிடத்தில் நான் அவரைத் தடுமாற வைத்துவிடுவேன். அன்று அவரைத் தடுமாற வைக்க யாரும் இல்லை.

தணிகாசலம் எழுந்து, தன் தரப்பில் கேள்வி இல்லை என்றார். நீதிபதி என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் கட்சிக்காரரிடம் விளக்கம் கேட்க விரும்புகிறீர்களா?"

இரண்டே கேள்விகள் போதும். கிணற்று மேட்டில் எத்தனை மணிக்கு நின்றீர்கள்? கரும்புக் காட்டில் எத்தனை மணிக்கு? அந்த இரண்டு கேள்விகளையும் நான் பழைய வழக்கொன்றில் அவரிடமே கேட்டிருக்கிறேன். அவை என் நாக்கில் இருந்தன. பின்வரிசையில் மெர்லின் பாதி எழுந்துவிட்டாள். அவளுக்கும் அவை தெரிந்திருந்தன.

"கேள்வி இல்லை," என்றேன்.

ஆயுள் முடியும் வரை என்று தீர்ப்பை வாசித்தபோது அர்த்தநாரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நீதிபதியை அல்ல.

வெளியே வரும்போது சீனியர் வக்கீல்கள் இரண்டு பேர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தணிகாசலம் கோப்புகளை அணைத்துக்கொண்டு கூடவே நடந்தார். "முப்பத்திரெண்டு பேரும் தப்பிச்சாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "உங்க அறுபத்தொண்ணும் அப்படியே இருக்கு. இதை ஜெயிச்சதா எழுதறதா, தோத்ததா எழுதறதா?" பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

தாழ்வாரத்தின் முனையில் வேனுக்காக அர்த்தநாரியை நிறுத்தியிருந்தார்கள். கையில் விலங்கு. பக்கத்தில் நின்ற காவலர் அவர் கடையில் டீ குடிப்பவராக இருக்க வேண்டும். விலங்கைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார்.

நான் கிட்டே போனேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இருந்தது. இவர் ஒரு பெரிய மனிதர், முகம் தெரியாத ஒரு குழந்தைக்காகத் தன் மிச்ச வாழ்க்கையைக் கொடுத்துவிட்டார் என்று அவர் கூண்டில் பேசத் தொடங்கியதிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தால் என்னால் தாங்கிக்கொள்ள முடியும் என்று தோன்றியது.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சரியாச் சொன்னனுங்களா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு அவர் கண்களைப் பார்த்தேன். சாட்சி சொல்லிவிட்டு இறங்கியதும் இன்ஸ்பெக்டர்களின் முகத்தை அவர் இப்படிப் பார்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாததைப் புரிந்துகொண்டு சொல்வதுதான் அவருடைய முப்பது வருடத் தொழில். நான் பதினோரு பெயர்களை வாசித்தேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"சரியாத்தான் சொன்னீங்க," என்றேன்.

அவர் முகம் தளர்ந்தது. "அந்தக் கரும்புக் காட்டு ஊரு பேரு மட்டும் நடுவுல மறந்துபோச்சுங்க. எப்படியோ சமாளிச்சுட்டேன்."

"யாரும் கவனிக்கலை."